ஓலை முதல் அஞ்சலட்டை வரை: கடிதத்தின் வழியே கற்ற எழுத்து

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படிப்பின் கடைசிக் கட்டத்தை எட்டிய பிள்ளைக்கு அச்சிட்ட பாடநூல் கிடையாது. யாரோ யாருக்கோ எழுதிய பழைய கடிதங்களை வாத்தியார் சேகரித்து வைத்திருப்பார். அவற்றைத் தடங்கலில்லாமல் வாசிப்பதும், அதே முறையில் புதிதாக ஒன்று எழுதுவதும்தான் பாடம். 1823 ஆகஸ்டில் பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்பல் சென்னை வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தப் பழக்கம் பதிவாகியிருக்கிறது. வாத்தியார் பல இடங்களிலிருந்து திரட்டிய அரசுக் கடிதங்களையும் மற்றக் கடிதங்களையும் வெவ்வேறு கையெழுத்துகளில் படித்தறிவது, சாதாரணக் கடிதம் எழுதுவது, ஒப்பந்தப் பத்திரம் வரைவது ஆகியவை அங்கே கல்வியின் பகுதிகளாகச் சொல்லப்படுகின்றன. தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பல்லாரியில் அவர் கண்ட முறை, தமிழ் மாவட்டங்களின் திண்ணைப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் கருவியாகக் கடிதம் தமிழரிடையே இருநூறு ஆண்டுகளில் பல வடிவங்களை எடுத்திருக்கிறது. ஓலையை வாசிக்கும் பயிற்சி, புரவலருக்கு எழுதும் நன்றிக் கடிதம், மணியார்டர் வந்து சேர்ந்ததற்குப் பதில், தேர்வில் மதிப்பெண்ணுக்காக எழுதும் கற்பனைக் கடிதம் என்று அது மாறிவந்தது.

ஓலையில் எழுதியவர்கள்

தமிழில் கடிதத்தின் வயது மிகப் பெரிது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகிறாள். முதல் கடிதம் தாழை மடலில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு எழுதப்பட்டது. கோவலன் அதை வாங்க மறுத்துவிடுகிறான். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்பவன் கொண்டுவந்து தரும் இரண்டாவது ஓலையை அவன் படிக்கிறான். அவளிடம் குற்றமில்லை என்று தெளிந்தபின், அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்கும்படி கோசிகனிடமே கொடுத்து அனுப்புகிறான். அதில் இருந்த பணிவும் மன்னிப்பு வேண்டலும் மகன் பெற்றோருக்கு எழுதுவதற்கும் அப்படியே பொருந்தின. பெரியவருக்கு எழுதும் கடிதத்துக்கென ஒரு பொதுவான அமைப்பு அக்காலத்திலேயே இருந்ததை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

ஓலை வாசிக்கத் தெரியாமை இழுக்காகக் கருதப்பட்டது. திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்யப்பட்ட மூதுரையின் ஒரு பாட்டு, சபை நடுவில் நீட்டிய ஓலையைப் படிக்க இயலாமல் நிற்பவனை மரத்தோடு சேர்த்துப் பேசுகிறது. புலவர்கள் பரிசில் வேண்டிச் செய்யுளிலேயே எழுதிய சீட்டுக்கவி தனி வகையாக வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் கடிதங்கள் பலவற்றின் தலைப்பில் ஒரு செய்யுள் எழுதும் வழக்கமுடையவராக இருந்தார்.

சாதாரண மக்களும் உரைநடையில் விரிவாகக் கடிதம் எழுதினார்கள் என்பதற்குத் தரங்கம்பாடி சான்று தருகிறது. லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் கிரண்ட்லரும் தமிழர்களிடம் சமயம், ஒழுக்கம், குடும்பம், கல்வி பற்றிக் கேள்விகள் அனுப்பினார்கள். 1712 முதல் 1714 வரை வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. முன்பின் அறியாத ஓர் அயல்நாட்டாருக்குத் தம் கருத்தை ஒழுங்காக எழுதிச் சொல்லும் திறம் அந்தக் காலத்துத் தமிழரிடம் இருந்தது. அதை அவர்களில் பலர் ஊர்த் திண்ணையில் கற்றிருக்கக்கூடும்.

மணலிலிருந்து கடிதம் வரை

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். மாணவர்களில் பெண்கள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை.

பள்ளியில் சேர்ந்த பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே வடிவத்தை வரைய வேண்டும். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தையும் மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் எடுத்துக்கொண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். மணலில் கை படிந்தபின் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையில் எழுதுவதென்றால் கீறுவது. இடக்கையில் ஓலையைப் பிடித்து, அந்தக் கைப் பெருவிரலின் மேல் எழுத்தாணியைத் தாங்கி, எழுத எழுத ஓலையை நகர்த்த வேண்டும். அழுத்தினால் ஓலை கிழியும், விட்டால் கீறல் பதியாது. கீறிய இடத்தில் கரியையோ பச்சிலைச் சாற்றையோ தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, எண்சுவடி, சதகங்கள் ஆகியவை மனப்பாடப் பாடங்கள். மனப்பாடத்தில் ஒரு குறை உண்டு. பாட்டு முன்பே காதில் பதிந்துவிட்டதால், பிள்ளை உண்மையில் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறானா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறானா என்று கண்டுபிடிப்பது கடினம். இதைச் சோதிக்கக் கடிதம் உதவியது. அவன் அதுவரை கேட்டிராத செய்தி, பழகாத கையெழுத்து, யாரும் சந்தம் சேர்த்துச் சொல்லித்தராத வாக்கியம் எல்லாம் அதில் இருக்கும். கடிதத்தை வாசித்தவனே உண்மையில் வாசிக்கத் தெரிந்தவன்.

அந்த வாசிப்பு இன்றுள்ளவர்கள் நினைப்பதைவிடக் கடினமானது. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. ஆகவே ‘க’ என்றிருப்பதை இடம்பார்த்துக் ‘க’ என்றோ ‘க்’ என்றோ படிக்க வேண்டும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்ததாகச் சொல்லப்படும் சீர்திருத்தம் ஓலை எழுதுவோரிடம் எளிதில் பரவவில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. இதற்குமேல் குறியீடுகள் வேறு: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ‘மேற்படி’ என்பதற்கு ௸. எண்களும் பின்னங்களும் தமிழ்க் குறிகளில் இருந்தன. கணக்குப்பிள்ளை ஒருவரின் விரைவெழுத்தில் அமைந்த நாலு வரிக் கடிதத்தைப் பிழையின்றிப் படிக்கும் சிறுவன், எழுத்தோடு இலக்கணத்தையும் கணக்கையும் ஊர் வழக்கையும் ஒருசேரப் பயன்படுத்தினான்.

இந்தத் திறமைக்கு வேலை இருந்தது. கிராமக் கணக்கு, மிராசுதாரர் வீட்டுக் கணக்கு, கோயில் நிர்வாகம், வணிகம், கும்பினிக் கச்சேரி எல்லாவற்றுக்கும் கடிதமும் பத்திரமும் வாசிக்கவும் எழுதவும் ஆள் தேவைப்பட்டது. பின்னாளில் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார், சிறுவர்களைப் பெட்டியடிப் பையன்களாகக் கடையில் சேர்த்துக் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பழக்கினார்கள். அங்கே கடிதம் பயிற்சியும் தொழிலுமாக ஒன்றாயிருந்தது.

விளிப்பும் மரியாதையும்

கடிதம் எழுதக் கற்ற பிள்ளை, யாருக்கு எப்படி எழுதுவது என்ற சமூக இலக்கணத்தையும் கற்றான். தலைப்பில் பிள்ளையார் சுழி. குடும்பத்தின் சமயத்துக்கேற்பச் சிவமயம் என்றோ ஸ்ரீராமஜெயம் என்றோ இருக்கும். முஸ்லிம் வீடுகளில் 786 என்ற எண்ணும் சலாமும், கிறிஸ்தவ வீடுகளில் தோத்திர வாசகமும் அந்த இடத்தில் வந்தன. பெரியவருக்கு எழுதினால் ‘தேவரீர்’, ‘அநேக நமஸ்காரம்’, ‘தெண்டனிட்டு எழுதிக்கொண்டது’. சமமானவருக்கு ‘மகாராஜராஜஸ்ரீ’, அதையும் சுருக்கி ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்று எழுதினார்கள். இளையவனுக்குச் ‘சிரஞ்சீவி’, மணமான பெண்ணுக்குச் ‘சௌபாக்கியவதி’. அடுத்து இரு பக்கத்து க்ஷேமம். அது முடிந்ததும் ‘நிற்க’ என்ற ஒரு சொல். அதற்குப் பிறகே விஷயம்.

‘நிற்க’ என்பதற்கு முன்னுள்ள பகுதியை யாரும் புதிதாகச் சிந்திக்க வேண்டியதில்லை. எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி. வெற்றுத் தாளின் முன் என்ன எழுதுவதென்று விழிக்காமல், கை பழகிய வாக்கியங்களை முதலில் எழுதிவிடலாம். அதற்குள் எழுத்து ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த அமைப்பில் நன்றிக்குத் தனி இடம் இருக்கவில்லை. நன்றியறிதல் அறமாக வலியுறுத்தப்பட்டது. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஒருவருக்குச் செய்த உதவி தென்னையைப்போலப் பயன் திருப்பித் தரும் என்பது மூதுரையின் தொடக்கச் செய்தி. ஆனால் உறவினருக்குள் ‘நன்றி’ என்று எழுதிக் கொடுப்பது வழக்கமில்லை. மாமன் அனுப்பிய வேட்டிக்கும் அண்ணன் அனுப்பிய பணத்துக்கும் பதில், அது வந்து சேர்ந்தது என்பதும் எதற்குப் பயன்பட்டது என்பதும்தான். பெற்றதைக் கணக்காகச் சொல்வதில் நன்றி அடங்கியிருந்தது.

புரவலருக்கு எழுதிய பிள்ளைகள்

நன்றி சொல்வதற்கென்றே பிள்ளைகள் கடிதம் எழுதும் பழக்கம் மிஷன் பள்ளிகளில் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் பணி தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் ஏற்பட்டன. விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் பலரின் செலவை அமெரிக்காவிலுள்ள தனிநபர்களோ திருச்சபைகளோ ஏற்றார்கள். புரவலர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ‘உதயதாரகை’ இதழின் ஆசிரியராக விளங்கிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்ற பெயர்களில் அந்த ஏற்பாட்டின் தடம் இன்றும் தெரிகிறது.

பணம் கொடுத்தவர் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். பிள்ளை படிக்கிறானா, என்ன படிக்கிறான் என்று அவருக்குத் தெரியக் கடிதமே வழி. எனவே மாணவர்களும் மாணவிகளும் புரவலருக்கு எழுதினார்கள். படிக்கும் நூல்களின் பெயர்கள், வேதாகமத்தில் எந்தப் பகுதி முடிந்தது, உடல்நலம், ஊர்ச்செய்தி, உதவிக்கு நன்றி என்று அவை அமைந்தன. மிஷன் வெளியீடுகளில் அவற்றுள் சில அச்சேறி, மேலும் நன்கொடை திரட்டவும் உதவின.

இக்கடிதங்களில் திண்ணைப் பள்ளி அறியாத இரண்டு அம்சங்கள் இருந்தன. ஒன்று, எழுதுபவர் தம்மைப் பற்றி எழுத வேண்டும். என்ன கற்றேன், எதை உணர்ந்தேன் என்று தன்மை ஒருமையில் ஒரு சிறுவன் எழுதுவது பழைய முறையில் அபூர்வம். மற்றொன்று, பெண் பிள்ளைகள் எழுதினார்கள். பெண் எழுதக் கற்றால் காதல் கடிதம் எழுதுவாள் என்ற பேச்சு 19ஆம் நூற்றாண்டு முழுவதும் பெண்கல்விக்கு எதிராகச் சொல்லப்பட்டது. ஆசிரியையின் மேற்பார்வையில் நன்கொடையாளருக்கு எழுதும் ஒழுக்கமான கடிதம் அந்த அச்சத்துக்கு எதிரான விடையாகவும் அமைந்தது. அதேசமயம் இது முழுச் சுதந்திரமான எழுத்து அன்று. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு வரியிலும் இருந்தது. என்ன எழுதினால் புரவலர் மகிழ்வார் என்பதைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

காலணாக் கார்டும் ஊர்ப் பையனும்

கடிதம் எல்லா வீட்டுக்கும் வந்தது அஞ்சல் மலிவானபின். 1854க்கு முன் தூரத்துக்கேற்பக் கட்டணம் கூடியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே கட்டணமும் தபால்தலையும் வந்தன. கால் தோலா எடைக்குள் இருக்கும் கடிதம் எவ்வளவு தொலைவானாலும் அரையணாவில் போயிற்று. 1879 ஜூலை 1 அன்று அஞ்சலட்டை காலணாவுக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அஞ்சலகங்கள் மணியார்டர் சேவையைத் தொடங்கின.

இதே காலத்தில் தமிழர் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்தார்கள். இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள், மலேயாவின் ரப்பர் தோட்டங்கள், பர்மாவின் வயல்களும் துறைமுகங்களும் அவர்களை இழுத்தன. போனவர்களில் பெரும்பாலோருக்கும், வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. 1951 கணக்கெடுப்பில்கூட இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடுதான். அஞ்சலகத் திண்ணையில் காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுப்பவர் நகரத்தில் கிடைத்தார். கிராமத்தில் அந்த வேலை பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலையில் விழுந்தது. நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் சிறுவன் தெருவுக்கே கடிதம் வாசிப்பவனாகவும் எழுதுபவனாகவும் ஆனான்.

பள்ளிப் பயிற்சியைவிடக் கடுமையான பயிற்சி இது. சொல்லும் பாட்டி பேச்சுவழக்கில் சொல்வாள், ஒரே செய்தியை மூன்று முறை சொல்வாள், நடுவில் அழுவாள், திட்டவும் செய்வாள். எழுதும் பிள்ளை அதைக் கடித மொழிக்கு மாற்ற வேண்டும். ‘அந்தப் பய ஒரு காயிதம் போட்டா என்னவாம்’ என்று பாட்டி சொன்னால், கார்டில் ‘உன்னிடமிருந்து வெகுநாளாகக் கடிதம் வராததால் மிகவும் கவலையாக இருக்கிறது’ என்று ஏறும். பேச்சை எழுத்தாக்குவது, சுருக்குவது, வரிசைப்படுத்துவது, சொல்பவரின் மனம் கெடாமல் சொல்லைத் திருத்துவது எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் நடந்தன. எழுதி முடித்ததும் படித்துக் காட்ட வேண்டும். விட்டுப்போனது உடனே கண்டுபிடிக்கப்பட்டு, கார்டின் ஓரத்தில் பக்கவாட்டில் பொடி எழுத்தில் சேரும். வீட்டு ரகசியங்களை வெளியே சொல்லக்கூடாது என்ற ஒழுக்கமும் இந்த வேலையின் ஒரு பகுதி.

வாசிக்கும்போதும் பொறுப்பு இருந்தது. திருமணச் செய்தியானால் கார்டின் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தியைப் படித்ததும் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் வைப்பதில்லை. எழுத்துக்கு இத்தகைய விளைவு உண்டு என்பதைப் பள்ளிப் புத்தகம் எதுவும் அந்தச் சிறுவனுக்குக் காட்டியதில்லை.

அந்தக் காலத்து வீடுகளில் அதிகம் எழுதப்பட்ட நன்றிக் கடிதம் மணியார்டருக்கான பதில்தான். தபால்காரர் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். ஆனாலும் வீட்டிலிருந்து தனியாக ஒரு கார்டு போயாக வேண்டும். அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். நிற்க. நீ அனுப்பிய ரூபாய் 15ம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. செட்டியார் கடைப் பாக்கி 6 ரூபாய் கொடுத்தாயிற்று. அம்மாவுக்கு மருந்து வாங்கினோம். மீதி கையில் இருக்கிறது. மாடு கன்று போட்டிருக்கிறது. உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.’

நன்றி என்ற சொல் இதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அனுப்பிய பணம் ஒவ்வொரு ரூபாயாக எங்கே போயிற்று என்று சொல்வதும், கடைசி வரியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. எழுத்துக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கும் இது நல்ல வடிவம்: தொகை, நாள், பெயர், காரணம் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

பாடநூலில் புகுந்த கடிதம்

1854இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பிறகு, அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. 1860களில் சென்னை மாகாணம் தேர்வு முடிவுகளுக்கேற்ப மானியம் தரும் முறையை ஏற்றது. இதற்கு முன்மாதிரியான இங்கிலாந்துத் தொடக்கப்பள்ளி விதிகளில், 1870களின் தொடக்கத்தில் ஆறாம் படித்தரத்துக்கு உரிய எழுத்துத் தேர்வாக ஒரு சிறு கட்டுரையோ கடிதமோ வைக்கப்பட்டிருந்தது. இவ்வாறு கடிதம் ‘வியாசம்’ எனப்பட்ட கட்டுரையின் உடன்பிறப்பாக வகுப்பறைக்குள் வந்தது. திண்ணையில் வாசிக்கப்பட்ட உண்மைக் கடிதங்கள் மறைந்தன. அச்சிட்ட பாடம் வந்தபின், பலவகைக் கையெழுத்தைப் படிக்கும் பயிற்சிக்குத் தேவையும் குறைந்தது. மாணவன் இல்லாத மாமாவுக்கு, வராத பரிசைப் பற்றி, அனுப்பப்போகாத கடிதத்தை எழுதக் கற்றான்.

20ஆம் நூற்றாண்டில் கடிதத்தின் மொழியும் மாறியது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் பழைய விளிகளை ஒவ்வொன்றாக அகற்றின. ‘க்ஷேமம்’ போய் ‘நலம்’ வந்தது. ‘நமஸ்காரம்’ ‘வணக்கம்’ ஆயிற்று. மகாராஜராஜஸ்ரீயும் தேவரீரும் வழக்கொழிந்து, பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ‘அன்புள்ள’ என்பது பொதுவானது. சாதிப் படிநிலையைச் சுமந்த சொற்கள் இத்துடன் பெரும்பாலும் விலகின. கடிதத்தையே இலக்கிய வடிவமாகக் கையாண்ட நூல்களும் பெருகின. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ கடிதங்களால் அமைந்த நாவல். மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ ஆகியவை பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பரவலாகப் படிக்கப்பட்டன. அண்ணா 1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் தம்பிக்கு எழுதிய கடிதங்கள், கடித நடையில் அரசியலையும் வரலாற்றையும் சொல்லலாம் என்று ஒரு தலைமுறைக்குக் காட்டின.

பள்ளிக் கடிதம் உறவுமுறைக் கடிதம், அலுவல் கடிதம் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அனுப்புநர் இருக்கும் இடமும் நாளும், விளி, செய்தி, ‘இப்படிக்கு’, கையொப்பம், உறைமேல் முகவரி என்ற உறுப்புகள் வரையறுக்கப்பட்டன. நன்றிக் கடிதம் உறவுமுறைக் கடிதத்தின் ஒரு வகையாகத் தலைப்புப் பெற்றது. பிறந்தநாளுக்குப் பேனா அனுப்பிய மாமாவுக்கு, விடுமுறையில் உபசரித்த அத்தைக்கு, புத்தகம் தந்த நண்பனுக்கு என்ற வினாக்கள் வழிகாட்டி நூல்களில் நிரந்தரமாயின. அவற்றோடு மாதிரி விடைகளும் வந்ததால், ஒரே மாமாவுக்கு ஒரே நன்றியை ஒரு வகுப்பே மனப்பாடமாக எழுதிய நிலையும் உண்டாயிற்று.

அந்த வரையறைக்குள்ளும் நல்ல வினா அமைக்க முடியும். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், எஸ். ராமகிருஷ்ணனின் ‘கால் முளைத்த கதைகள்’ நூலைப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிய நண்பருக்கு அந்த நூல் பற்றிய கருத்தைக் கடிதமாக எழுதும்படி ஒரு பயிற்சி இருக்கிறது. இதற்கு விடை எழுத நூலைப் படித்திருக்க வேண்டும். எந்தக் கதை பிடித்தது, ஏன் என்று சொல்ல வேண்டும். கிடைத்ததையும் அதன் பயனையும் சொல்லும் மணியார்டர் பதிலின் பழைய தர்க்கம் இந்த வினாவிலும் வேலை செய்கிறது.

பள்ளிக்கு வெளியே

வகுப்பறைக் கடிதத்துக்கு இல்லாத உண்மையான வாசகரைப் பிள்ளைகளுக்குத் தந்தவை வேறு சில வழக்கங்கள். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவது அவற்றுள் முதன்மையானது. மாட்டுவண்டியும் கரும்பும் அச்சிட்ட அட்டைகளை வாங்கி, பின்பக்கம் இரண்டு வரி எழுதி, முகவரியைப் பிழையில்லாமல் எழுதப் பிள்ளைகள் பழகினார்கள். வந்த வாழ்த்துக்குப் பதில் வாழ்த்து அனுப்பும் கடமையும் கூடவே வந்தது.

சிறுவர் இதழ்கள் மற்றொரு வாசல். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இரண்டு படங்களை வெளியிட்டு, பொருத்தமான தலைப்பை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்லிப் பரிசு தந்தது. 1950இல் தொடங்கிய ‘கண்ணன்’, பின்னர் வந்த ‘கோகுலம்’ ஆகியவை பிள்ளைகளின் கடிதங்களையும் படைப்புகளையும் வெளியிட்டன. ஊர் பேர் தெரியாத ஒரு சிறுவனின் பெயர் அச்சில் வந்தால், அந்த இதழ் அவன் பள்ளி முழுவதும் சுற்றிவரும். 1950இல் வந்த இன்லாண்டு கவர், கார்டில் அடங்காத செய்திக்கும் பிறர் படிக்கக்கூடாத செய்திக்கும் இடம் கொடுத்தது.

1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம், உண்மையான வாசகருக்கு எழுதும் இதே முறையை வயதுவந்தோரிடம் கொண்டுபோயிற்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் மாலை வகுப்புகளில் எழுத்துக் கற்று, கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு மாறினார்கள். கலெக்டருக்குத் தங்கள் கையால் கடிதமும் மனுவும் எழுதுவது அந்தக் கல்வியின் பயனாகக் கொண்டாடப்பட்டது. சாலையும் குடிநீரும் கேட்டு எழுதியதால், எழுதப் பழகிய முதல் வாக்கியங்களுக்கே ஒரு நோக்கம் இருந்தது.

தொலைபேசிக்குப் பின்

1990களில் தெருவுக்குத் தெரு வந்த எஸ்.டி.டி. பூத்துகளும், அடுத்துக் கைப்பேசியும் வீட்டுக் கடிதத்தை ஓயச் செய்தன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காட்டை எட்டியபோது, ஊருக்கே கடிதம் எழுதித்தரும் பையனுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அஞ்சலட்டை 50 காசுக்குக் கிடைத்தும் வாங்குவோர் குறைந்தார்கள்.

கடிதம் கற்பிக்கும் முயற்சிகள் மட்டும் நிற்கவில்லை. உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பன்னாட்டுக் கடிதப் போட்டி நடத்துகிறது. இந்திய அஞ்சல்துறை 2017 முதல் ‘டாய் ஆக்கர்’ என்ற பெயரில் நடத்தும் போட்டியில் கையால் எழுதிய கடிதத்தைத் தமிழிலும் அனுப்பலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடித வினா தொடர்கிறது. பரிசு பெற்ற நண்பனுக்கு வாழ்த்து மடலும், தரமற்ற உணவு தந்த விடுதி மீது புகாரும் அதில் கேட்கப்படும் வகைகள். சில ஆசிரியர்கள் வகுப்பையே அஞ்சலகத்துக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு பிள்ளையும் தாத்தா பாட்டிக்கோ பள்ளிக்கு உதவிய ஊராருக்கோ ஒரு கார்டு எழுதிப் பெட்டியில் போடச் செய்கிறார்கள்.

இந்த இருநூறு ஆண்டு வரலாற்றில் திண்ணை வாத்தியாரின் பழைய கடிதக் கட்டுக்கும், மணியார்டர் பதிலுக்கும், பெட்டியில் போட்ட கார்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எழுதியவரோ படிப்பவரோ உண்மையில் இருந்தார். எழுத்து தெளிவாக இல்லையென்றால் செய்தி போய்ச் சேராது. முகவரி தவறினால் கடிதமே சேராது. வழிகாட்டி நூலின் மாதிரிக் கடிதம் வடிவத்தைக் கற்பித்தது. ஆனால் பிழைக்கு மதிப்பெண் குறைவதைத் தவிர வேறு விளைவு அதில் இல்லை. கடிதம் எழுத்துக் கற்பித்த காலங்களிலெல்லாம், பெறுபவரின் பதிலே பிள்ளையின் எழுத்துக்குத் திருத்தமாகவும் இருந்தது.